தொண்டையில் இரண்டு விரல்

யுத்த காலத்தில் வவுணதீவு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். எலும்பும் தோலுமான ஆறு வயது மகளோடு ஒரு தாய் வந்தாள். "பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறல்லையா?" என்று ஏசினேன். மூளையை மெல்ல மெல்ல அழிக்கும் அபூர்வ நோயால் மகள் விழுங்கவே மறந்துவருவதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. நானே கஞ்சியை அவசரமாக ஊட்டினேன். புரைக்கேறிப் பிள்ளையின் முகம் நீலமாகிவிட்டது.

தாய் முதுகைத் தட்டிச் சரிசெய்து, கரண்டியை வாங்கினாள். மகளின் தொண்டையில் இரண்டு விரல் வைத்து, விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய் கொடுத்தாள்.

திடீரென ஷெல் விழத் தொடங்கியது. முதலில் பங்கர் குழிக்குள் பாய்ந்தவள் நான்தான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"வாய்க்குள்ள கஞ்சி இருக்கு மிஸ்ஸி. இறங்கட்டும், வாறன்."

நிலம் அதிர்ந்தது. அந்த இரண்டு விரல்களும் நடுங்கவேயில்லை.

பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் கஞ்சிக் கோப்பை இருந்தது.

சாப்பாடு கொடுப்பதில்லையா என்று இவளிடமா கேட்டேன்!