கையெழுத்துக்குப் போன குறிப்பேடு

நாற்பத்து மூன்று பிள்ளைகளின் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் மிக்கேலம்மாள் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். காய்ச்சல் உள்ள பிள்ளை சன்னலோரம் போகும். பட்டினியாக வந்த பிள்ளையின் உள்ளங்கையில், பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாமல், ஒரு பொரிகடலை உருண்டை விழும். எந்தக் குறையும் இல்லாதவனுக்கு முதுகில் ஒரு தட்டு. "ஏலே, நல்லாத்தான இருக்க? பொறவு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" 1979இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஒரு கோடியில் கன்னியர் நடத்தும் தொடக்கப்பள்ளி அது. ஓட்டுக் கட்டடம், ஒற்றை வேப்பமரம். மூன்றாம் வகுப்பு டீச்சருடையது. ராஜபாளையத்திலிருந்து ஏழரை மணி பஸ்ஸில் வருவார். கணவர் ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் ஷிப்டு வேலை. இருவரும் முகம் பார்த்துப் பேசுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். வகுப்பில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதன்மேல் வாய்ப்பாட்டு அட்டைகள் உட்கார்ந்திருக்கும். ஏழாம் வாய்ப்பாட்டைப் பூசைப் பாட்டின் ராகத்தில் சொல்லிக் கொடுத்ததால், ஞாயிறு பூசையில் பாட்டு தொடங்கியதும் சில பிள்ளைகள் "ஏழேழு நாற்பத்தொன்பது" என்று முணுமுணுத்துப் பங்குச் சாமியாரைத் திரும்பிப் பார்க்க வைத்ததுண்டு.

பிரம்பு கிடையாது. அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு காது இருந்தது. இடைவேளைக்கு முன்னால் தூணருகே குந்தி உட்காருவார். சொல்ல ஏதாவது இருக்கிற பிள்ளை வரிசையில் வந்து காதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆவுடையப்பன் ஒரு நாள் சொன்னது: "எங்க ஆடு செத்துப்போச்சு டீச்சர். அழுகையா வருது. ஆனா ராத்திரிக்குக் கறி." இன்னொருவன்: "எங்கப்பா ஒங்களக் கணக்கா நடந்து காட்டுவாரு டீச்சர்." காதில் விழுந்தது வாய்வழியே வெளியே போகாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வரிசை நீளமாகவே இருந்தது.

1991 ஜூலையில் மடத்துத் தலைமையிடத்திலிருந்து அச்சடித்த குறிப்பேடுகள் வந்து இறங்கின. 'மாணவர் நலக் குறிப்பேடு' என்று அட்டையில் இருந்தது. உயரம், எடை, தடுப்பூசி. நான்காவது கட்டத்தில் 'உறக்கமும் வீட்டுச் சூழலும்'. பக்கத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. மாதம் ஒருமுறை பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்றார் தலைமையாசிரியை சிஸ்டர். மற்ற ஆசிரியைகள் நான்காவது கட்டத்தில் கோடு போட்டார்கள். மிக்கேலம்மாள் டீச்சருக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

வன்னியம்பட்டியிலிருந்து வருகிற சீனியம்மாள் இரண்டாவது பீரியடிலேயே தலை சாய்ந்துவிடுவாள். கணக்கில் கெட்டிக்காரி. விழித்திருக்கும் நேரத்தில் அவளை யாரும் முந்த முடியாது. விரல் நுனிகள் வெடித்து, நகக்கண்ணில் மயில்துத்தம் கலந்த பசையின் நீலம் ஏறியிருக்கும். ஒரு நாள் காதில் சொன்னாள். விடியக்காலை நாலு மணிக்கே அம்மா எழுப்பிவிடுகிறாளாம், பள்ளிக்குக் கிளம்பும்வரை இவள் தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டவேண்டுமாம்.

டீச்சர் அதை எழுதினார். அழகான கையெழுத்து அவருடையது. 'அதிகாலை நான்கு மணி முதல் பெட்டி ஒட்டுகிறாள். உறக்கம் போதவில்லை. விரல்களில் புண்.' எழுத்தில் பார்த்தால் தாய்க்கு மனம் இளகும், ஒரு மணி நேரமாவது கூடுதலாகத் தூங்கவிடுவாள் என்று நம்பினார்.

தாய் வேலுத்தாய்க்கு எழுத்து தெரியாது. அந்தத் தெருவில் கடிதம் வந்தாலும் ரேஷன் கார்டில் சிக்கல் என்றாலும் எல்லோரும் எடுத்துக்கொண்டு போவது தனுஷ்கோடியிடம். வீடு வீடாகப் பெட்டிக்கான மரச்சில்லும் தாளும் கொடுத்து, ஒட்டிய பெட்டிகளை வாங்கிப் போகிற ஏஜெண்டும் அவர்தான். குறிப்பேடும் அவரிடமே போனது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

அடுத்த வாரம் சீனியம்மாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சர் வன்னியம்பட்டிக்குப் போனார்.

"நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீக டீச்சரம்மா" என்று வேலுத்தாய் ஒரு பலகையை இழுத்துப் போட்டாள். "அது சர்க்காருக்குப் போற பேப்பராம்ல. பிள்ளைய வேலைக்கு வச்சதுக்கு ஜீப்பு வருமாம். இனி ஒன் வீட்டுக்குப் பெட்டி கெடையாதுன்னு ஏஜெண்டு சொல்லிட்டாக. நாலு வயிறு இருக்கே. ஆபீசு வண்டியில ஏத்திவிட்டுட்டேன். கட்டையில தீக்குச்சி அடுக்குறா."

தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அதன் வண்டி இருட்டோடு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய், விளக்கு வைத்த பிறகு இறக்கிவிடும்.

"அது எங்கயும் போற பேப்பர் இல்ல, வேலுத்தாய். எங்க பீரோவுல கெடக்கிறது."

"எனக்கென்ன தெரியும்? வீட்டுல ஒட்டுனப்ப பொறவு பள்ளிக்கொடத்துக்காவது வந்தா. இப்ப அதுவும் இல்ல."

டீச்சர் தனுஷ்கோடியைத் தேடிப் போனார். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மரியாதையாகவே பேசினார்.

"வேற பேப்பர் எழுதித் தாரேன். அந்த வீட்டுக்குத் திரும்பவும் பெட்டி குடுங்க" என்றார் டீச்சர். பிள்ளைக்கு வேலை கொடுங்கள் என்று தானே கேட்டுக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நீங்க வாயால ஆயிரம் சொல்லியிருந்தா நான் கண்டுக்கிட்டே இருக்க மாட்டேன் டீச்சர். எழுதிட்டீக. டீச்சர் எழுதுனா பொய்யின்னு ஒருத்தன் சொல்லுவானா? அதான் எனக்குப் பயம்." பம்பைக் கழற்றிக் கட்டினார். "எனக்கும் மேல மொதலாளி இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வண்டி வராது. திரும்பி வந்தபோது சீனியம்மாள் வாசலில் நின்றாள். இரண்டே வாரத்தில் முகம் வற்றியிருந்தது. டீச்சர் பழக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவள் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"காதுலதான டீச்சர் சொன்னேன்?"

அந்த டிசம்பரில் அவள் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீண்ட நாள் வராத பிள்ளைக்கு விதி அப்படி. சிவப்பு மையில் கோடு போட்டவர் மிக்கேலம்மாள் டீச்சர்தான். வகுப்பில் இப்போது நாற்பத்திரண்டு நெற்றிகள். இடைவேளைக்கு முன்னால் தூணருகே அவர் உட்காருவதில்லை. சில நாட்கள் பிள்ளைகள் அங்கே வரிசையாக நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். ஒருவன் கையை இழுத்தபோது, "வெளாடப் போலே" என்றார்.

குறிப்பேட்டுத் திட்டத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. நான்கு கட்டமும் ஒழுங்காக நிரம்பிய ஒரே வகுப்பு என்று அவருடையதை மடத்தில் எடுத்துக்காட்டினார்கள். கடந்த சனிக்கிழமை ராஜபாளையத்தில் பதினோரு பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி. விளக்கிச் சொல்ல அவரையே அழைத்தார்கள். எடை பார்ப்பது எப்படி, சுவரில் உயரக் கோடு வரைவது எப்படி என்று கடகடவெனச் சொன்னார். நான்காவது கட்டத்துக்கு வந்ததும், "சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பயிற்சிக்காக ஆளுக்கு ஒரு பிள்ளையின் பக்கத்தைப் பென்சிலால் நிரப்பச் சொன்னார்கள். சுந்தரபாண்டியத்தில் வேலை பார்க்கும் பிச்சையம்மாள் டீச்சர் தன்னுடையதைக் கொண்டுவந்து நீட்டினார். நான்காவது கட்டத்தில் ஆறு வரிகள் நெருக்கமாக இருந்தன.

"எங்க பிள்ளை ஒருத்தி அழுதுக்கிட்டே சொன்னா டீச்சர். அப்படியே எழுதிட்டேன். சரியான்னு செத்த பாருங்க."

மிக்கேலம்மாள் டீச்சர் இரண்டு தடவை படித்தார்.

"அந்தத் தெருவுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக யாரு?"

"அது தெரியாதே. எதுக்குக் கேக்கீக?"

மிக்கேலம்மாள் டீச்சர் பைக்குள் துழாவி ரப்பரை எடுத்து, ஆறு வரிகளையும் தாள் கிழியாமல் நிதானமாக அழித்தார். தூளை ஊதிவிட்டார். அந்த இடத்தில் தன் அழகான கையெழுத்தில் 'நலம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

வருகிற ஜூன் முதல் பதினோரு பள்ளிகளிலும் இந்தக் குறிப்பேடு கட்டாயம்.