ஸ்காட்லாந்தில் எங்கள் வீட்டு ஓட்டு

ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா வேண்டாமா என்ற விவகாரத்தில் மதுரை கே.கே. நகரில் அப்பனும் மகனும் பேச்சை முறித்துக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால், ‘வேலை வெட்டி இல்லாத வீடு போல’ என்று நானே சிரித்திருப்பேன். என்ன செய்ய, அது எங்கள் வீடாகப் போய்விட்டது. முறித்துக்கொண்டவர்கள் என் அப்பாவும் தம்பியும். நடுவில் கிடந்து அல்லாடியவள் நான்.

2014ஆம் வருடம். தம்பி கிளாஸ்கோவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். போய் ஐந்தாறு வருடமாகியிருந்தது. நான் கட்டிக்கொண்டவரை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கே வந்து, சாயங்காலங்களில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். பிறகு பஸ் ஏறிக் கோரிப்பாளையம் போய், வாலிபக் காலத்துக் கட்சித் தோழரான ஒரு பாயோடு டீ குடித்துக்கொண்டு, படித்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி ஃபோன் பண்ணுவான். எங்கள் வாழ்க்கை அவ்வளவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வருட ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச வேறு விஷயம் இல்லாமல் தம்பி வாயை விட்டான்.

“இங்க செப்டம்பர்ல ஓட்டெடுப்பு நடத்துறாங்கப்பா. ஸ்காட்லாந்து பிரிட்டன்ல இருந்து பிரியலாமா வேணாமான்னு. எனக்கும் ஓட்டு இருக்குதாம்.”

“உனக்கு எப்பிடிறா? நீ என்ன அந்த நாட்டுக்காரனா?”

“காமன்வெல்த் நாட்டுக்காரங்க இங்க குடியிருந்தாப் போதுமாம்ப்பா.”

அப்பா என்னிடம் ஃபோனைத் தரக்கூட இல்லை. அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். “எங்கப்பா இந்த வெயில்ல?” என்றேன். “பாய்கிட்ட ஒரு சேதி சொல்லிட்டு வாரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பையன் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அவர் அப்படி ஓடியதில்லை.

அப்பாவின் பழைய கதை தெரியாவிட்டால் இது விளங்காது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம் அவருடையது. அவருடைய வாலிபத்தில் கட்சி தனிநாடு கேட்டுக்கொண்டிருந்தது. கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையைப் போட்டுவிட்டு மதுரைக் கூட்டத்துக்கு ஓடிப்போய், திரும்பி வந்து தன் அப்பாவிடம் அடி வாங்கியவர். அப்புறம் பிரிவினை கேட்கக் கூடாது என்று சட்டம் வந்தது, கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. படிப்பகத்தில் நாலு பேருக்குப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கே அது தெரிந்ததாம். மிச்சத்தை வாசிக்காமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். கட்சியை விட்டுப் போகவில்லை. தனிநாட்டுப் பேச்சை மட்டும் அதற்கப்புறம் அவர் எடுத்து நான் கேட்டதில்லை. டிவியில் தேசிய கீதம் போட்டால் எழுந்து நிற்கிற மனுஷர்.

அன்றைக்குக் கோரிப்பாளையத்திலிருந்து திரும்பி வந்துதான் வாயைத் திறந்தார்.

“விட்டது நல்லதுக்குத்தான்னு இப்பத் தோணுது, ஆத்தா. அது வேற. ஆனா எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா? அடி வாங்குனது நாங்க. பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம். அங்க பாரு, பதினாறு வயசுப் பிள்ளையக்கூடக் கூப்பிட்டுக் கேக்குறாங்க, ஆமாவா இல்லையான்னு.”

அன்று முதல் எங்கள் வீட்டில் ஸ்காட்லாந்துதான். மே மாதம் கிளாஸ்கோவில் பேர்பெற்ற ஓவியக் கல்லூரிக் கட்டடம் தீப்பிடித்தபோது சொந்தக்காரர் வீடு எரிந்ததுபோல் உச்சுக் கொட்டினார். ஆடி மாத வாக்கில் காமன்வெல்த் விளையாட்டு அங்கேயே நடந்தது. தொடக்க விழாவில் ஒவ்வொரு நாட்டு அணிக்கு முன்னாலும் ஒரு குட்டை நாய், முதுகில் நாட்டின் பேர் எழுதிய துணியோடு நடந்துபோனது. மறுநாள் டிவியில் பார்த்துவிட்டு, “நம்மாளுகளுக்கு முன்னால நாய விட்டுட்டாங்கய்யா!” என்று சிரித்தார். அந்த நாய் ஒழுங்காக நடந்ததா என்று தம்பியிடம் விசாரித்தார். ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் ஒரே வார்த்தைதான்: “மறக்காமப் போய் ஆமான்னு போட்டுரு, என்ன?”

“பாப்போம்ப்பா” என்பான் தம்பி.

அங்கே விரலில் மை வைக்கமாட்டார்கள் என்று தெரிந்தபோது அப்பாவுக்கு ஒப்பவில்லை. பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும் என்று கேட்டதும் எழுந்தே விட்டார். “பென்சிலா? எவனாவது அழிச்சு விட்டா? வெளங்கும்!” தம்பி அங்கிருந்து சிரித்தான், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தால் நெஞ்சில் குத்துகிறது.

பாய் எங்கள் வீட்டுக்கு வந்தால் லந்துக்குக் குறைவிருக்காது. “என்ன தலைவரே, எப்பக் கொடியேத்துறோம்? எனக்கு ஒரு மந்திரி பதவியாச்சும் உண்டா?” என்பார். “உமக்கு டீ வாரியம்” என்பார் அப்பா. இரண்டு கிழவர்களும் பிரிவினையால் என்ன லாபம், என்ன நட்டம் என்று மணிக்கணக்காக அலசுவார்கள். பிரிவினையில் அனுபவப்பட்டவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, டீதான் கேட்டார்கள்.

செப்டம்பர் நெருங்க நெருங்கத் தம்பியின் குரல் மாறியது. ஒருநாள் எனக்குத் தனியாக ஃபோன் பண்ணினான்.

“அக்கா, அப்பாவ ஒனக்குத் தெரியும்ல. நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு. இங்க ஆஸ்பத்திரில எதிர் மேசைக்காரன் ஆமான்னு பேட்ஜ் குத்திருக்கான். என் மேலதிகாரி வேணாங்கிறாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கிறதில்ல. அண்ணன் தம்பிக்குள்ள சண்டைக்கா. வாடகைக்கு இருக்கிறவன் போய், வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்புங்க, எழுப்பாதீங்கன்னு சொல்லலாமா? அடுத்தவன் வீட்டுப் பாகப்பிரிவினைல நமக்கென்ன வேலை?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அப்பாவிடம் சொன்னேன். எங்கே பக்குவமாக? அடுப்படியிலிருந்தபடி, “அவனுக்கு இஷ்டமில்லையாம்ப்பா, சும்மா நச்சரிக்காதீங்க” என்று கத்தினேன். அவன் ‘இல்லை’ என்று போடப் போகிறான் என்றுதான் அப்பா எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, “உன் மனசுக்கு எது தோணுதோ போடுறா” என்று மட்டும் அவனிடம் சொன்னார். அந்த மனுஷருக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

முடிவு வெளியான அன்று நமக்குக் காலை நேரம். பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் இட்லி ஊற்றி வைத்தேன். இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளாஸ்கோ ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தது. “நம்ம பய ஊருல்ல!” என்று அப்பா தொடையைத் தட்டினார். ஆனால் மொத்தத்தில் ‘வேண்டாம்’தான் ஜெயித்தது. அப்பா அழுது புலம்புவார் என்று பயந்தேன். அவரோ நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

“பரவால்ல பாய். நூத்துக்கு எம்பது பேருக்கு மேல வந்து நின்னுருக்காங்க. கேட்டாங்க, சொல்லிட்டாங்க. அம்புட்டுத்தான்.”

அப்போது தம்பி ஃபோன் பண்ணினான். பாயும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“தோத்துப் போச்சேப்பா. வருத்தமா?”

“அதை விடு. நீ என்னடா போட்ட? இல்லைன்னுதானே? கூச்சப்படாமச் சொல்லு.”



“நான் போகலப்பா.”

“எங்க போகல?”

“ஓட்டுப் போடவே போகல. மனசு வரல.”

பாய் தட்டைக் கீழே வைத்தார். அப்பா ஃபோனைப் பார்த்தபடியே இருந்தார்.

“இல்லைன்னு போட்டிருந்தாக்கூட என் மகன்னு சொல்லிருப்பேன்” என்றார். “உன்னைய ஒரு நாடே கேட்டுச்சேடா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலையே நீயி.”

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்க் கட்டிலில் படுத்தார். அடுத்த ஞாயிறு ஃபோன் வந்தபோது கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

தம்பியும் லேசுப்பட்டவனில்லை. “நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஊர் ஆளு முன்னாடி மகனே இல்லைங்கிறாரு. அவரா கூப்பிடட்டும்” என்றான். வீம்பில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான். நான் இவரிடம் கத்தினேன், அவனிடம் கத்தினேன். “எவனோ ஊரு, எவனோ நாடு, நடுவுல என் உசுர வாங்குறீங்க” என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்காட்லாந்தை மட்டும் அப்பா விடவில்லை. தோற்ற அன்றைக்கே அங்கத்து முதல்வர் பதவி விலகப் போவதாகச் சொன்னதையும், அடுத்து ஒரு பெண் முதல்வரானதையும் பாயிடம் மெச்சிப் பேசினார். மகனைப் பற்றிய பேச்சு வந்தால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். ஆனால் அடுப்படி வாசலில் வந்து நின்று, “அங்க இப்பக் குளிருமே, கம்பளி வச்சிருக்கானா கேளு” என்பார். “நீங்களே கேளுங்க” என்றால் நகர்ந்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில் கிளாஸ்கோவின் நடுவில் ஒரு குப்பை லாரி தாறுமாறாக ஓடி, கடைவீதிக்கு வந்த சிலர் இறந்துபோனார்கள். நான் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா வாசலிலேயே என் கையைப் பிடித்தார். “ஃபோனப் போடு, ஃபோனப் போடு” என்றார். போட்டேன். தம்பி எடுத்து, “நான் ஆஸ்பத்திரில இருக்கேன்க்கா, ஒண்ணுமில்ல” என்றான். ஃபோனை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, அவன் குரல் ஓய்கிறவரை கேட்டுவிட்டுப் போனார். அவர் கையில் ஃபோனைத் திணித்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

மாசி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தம்பி கிளம்பி வர முடியாத நேரம். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் அவன் கைக்குத் திரும்பி வரவில்லை. தினமும் ஃபோன் பண்ணி அழுவான். “அப்பா காதுல வைக்கவாடா?” என்று கேட்டேன்.

“வேணாம்க்கா. கோவத்துல இருக்கிற மனுசன். இப்ப வேணாம்னு சொல்லக்கூட அவரால முடியாது. அந்த நேரம் பாத்து நான் பேசுனா, அது சரியில்ல.”

பேச்சு போய்விட்டது என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தேன். முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது: சரி. கஞ்சி வேணுமா என்றால் சரி. போதுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. பாய் வந்து கட்டிலில் உட்கார்ந்து, “தலைவரே, என்னையத் தெரியுதா?” என்று கேட்டதற்கும் சரி. மூளையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை தங்கிவிடும், அவர் நினைப்பது ஒன்று, வாயில் வருவது அது என்றார் டாக்டர். இதைப் போய்த் தம்பியிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை.

மே மாதம், அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்பாவைத் துடைத்துவிட்டு, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தம்பி ஃபோன் பண்ணினான். அவனுக்கு அது காலை ஏழு மணி. மூச்சு வாங்கியது.

“அக்கா, இங்க இன்னிக்குப் பார்லிமெண்ட் எலெக்சன். கதவு தொறக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னுட்டேன். போட்டுட்டேன்க்கா. ஃபோன அப்பா காதுல வை. இப்ப வை.”

ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“அப்பா, நான்தான்பா. ஓட்டுப் போட்டேன்பா. வரிசைல நின்னு போட்டேன். என்னைய மன்னிச்சிருப்பா.”

அப்பா ஃபோனைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

“சரி.”

அந்தப் பக்கம் தம்பி ஓவென்று அழுதான். “அக்கா! அப்பா பேசுறாருக்கா! சரின்னு சொல்லிட்டாருக்கா! கேட்டியா?”

“கேட்டேன்டா” என்றேன். “சொல்லிட்டாரு.”

அவன் அழுதுகொண்டே சிரித்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஃபோனை வைத்தான். நான் அப்பாவின் கடைவாயைத் துடைத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்பா, அவன் மேல கோவம் போயிருச்சா?”

“சரி.”

“இல்ல, இன்னும் இருக்கா?”

அப்பா என் முகத்தையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. எதையோ சொல்லத்தான் அவ்வளவு பாடுபட்டார்.

“சரி” என்றார்.