கிணற்றடியில் கொட்டிய மீன் எண்ணெய்

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சங்கரன்கோவிலில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் மாமனார் சொன்னதுதான் சட்டம். என் மூத்த மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

விளக்கு வைக்கும் நேரமானால், எதிரில் இருக்கும் கிண்ணத்தைக்கூடத் தடவித் தேடுவாள். வெள்ளை விழியின் ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டியதுபோல் இருந்தது. நடக்கத் தொடங்கிய கால்களும் லேசாக வளைந்திருந்தன. அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏ, டி என்ற இரண்டு சத்துகளும் பிள்ளைக்குக் குறைந்துவிட்டன என்றார் டாக்டரம்மா. இப்படியே விட்டால் சின்னக் காய்ச்சலைக்கூட உடம்பு எதிர்த்து நிற்காது, அம்மை கண்டால் கண்ணுக்கே ஆபத்து என்று எச்சரித்தார். பாலில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு பாட்டில் மீன் எண்ணெய் தந்தார்.

நாங்கள் சைவம். மூடியைத் திறந்ததும் வாடை வீடெங்கும் பரவியது. மாமனார் பூசையிலிருந்து எழுந்து வந்தார். "மீன் எண்ணெய் இருக்குத வீட்டுல நான் பூசைக்கு உக்கார மாட்டேன். கொண்டுபோயிக் கொட்டு" என்றார். நான் அசையவில்லை. என் கணவர் பாட்டிலை வாங்கிக் கிணற்றடியில் கொட்டினார். மருந்துதானே என்று அவரிடம் கேட்டேன். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை என்றார். பிள்ளையின் கண் போகலாம், அவருடைய பழக்கம் போகக்கூடாது. கீரையாவது மசித்து ஊட்டலாம் என்றால், செரிக்காது என்று அதற்கும் தடை.

பங்குனியில் அவளுக்கு மணல்வாரி அம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகி, ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்றார்கள். முத்து இறங்கிய பிறகும் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. இமையை விலக்கிப் பார்த்தேன். இடது கருவிழி வெந்த அரிசிபோல் வெளுத்துக் கிடந்தது. யாரிடமும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வெளியேறினேன்.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலேயே தங்கி அதே எண்ணெயைக் கொடுத்ததில் வலது கண் தப்பியது. கூட்டிப்போக வந்த கணவரிடம், "எண்ணெய் வீட்டுக்குள்ள வந்தா நானும் வாரேன். இல்லேன்னா எங்க அப்பா வீடு கரிவலம்வந்தநல்லூர்ல இருக்கு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார்.

பேத்தியைப் பார்த்த மாமனார், அம்பாள் ஒரு கண்ணை எடுத்துக்கொண்டாள் என்றார். அதுவரை நான் அவர் முகம் பார்த்துப் பேசியதில்லை.

"அம்பாள் எடுக்கல மாமா. நீங்க எடுத்தது."

அவர் உள்ளே போய்விட்டார்.

பிறகு மகன் பிறந்தான். டாக்டரம்மா சொன்னபடி கைக்குழந்தையிலேயே அவனுக்கு மீன் எண்ணெய்ச் சொட்டு கொடுக்க ஆரம்பித்தேன். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. தீருமுன்பே அடுத்த பாட்டிலைக் கணவர் வாங்கி வந்தார். ஒருநாள் மாமனாரே, பேரனுக்குச் சொட்டு கொடுத்தாயிற்றா என்று விசாரித்தார். பூசையும் ஒருநாள் தவறாமல் அதே வீட்டில்தான் நடந்தது. பேரனுக்காக மாறத் தெரிந்த ஆசாரம், என் மகளுக்காக ஏன் மாறவில்லை? இன்றுவரை அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.