ஓசூரிலிருந்து கப்பலுக்கு நாற்பது வால்வுகள்

கடற்படைக்குச் சாமான் செய்து கொடுப்பவருக்குக் கப்பலில் ஏறாமலேயே தலைசுற்றும். பதினெட்டு வருடமாக எனக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு நான் தொழில்நுட்பத் தலைவர். கப்பலின் அடிவயிற்றில் கடல் நீரைத் தேவையானபோது உள்ளே விட்டு, மற்ற நேரத்தில் வெளியே நிறுத்தி வைக்கும் வால்வுகள் எங்கள் தயாரிப்பு. நீங்களும் ஏதாவது ஒரு இலாகாவுக்குத் திருகாணியோ திரைச்சீலையோ செய்து கொடுத்து மாட்டிக்கொண்டவர் என்றால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் இருவருக்கும் ஒரே வியாதிதான்.

சமீபத்தில் ஒரே ஒரு ஆர்டர் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் சொல்கிறேன். நாற்பது வால்வுகள். கப்பல் பழுதுபார்க்க டாக்கில் ஏறும் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் ஆர்டர் ரத்து. ரத்தானால் வால்வுப் பிரிவையே இழுத்து மூடிவிடுவதாக எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். அந்தப் பிரிவில் முப்பத்தொரு பேர்.

நாற்காலி

ஆர்டர் பேச விசாகப்பட்டினத்துக்குப் போனேன். நீள மேஜை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் பெயர், அதற்கு மேலே பதவி. என்னிடம் பெயர் இருந்தது, பதவியும் இருந்தது, ஆனால் தோளில் பட்டை இல்லை. கூட்டத்தின் பொருளே என் வால்வுதான். அதைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே ஆளான நான் சுவரோரம் டீ பிளாஸ்க்குக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே எடுபிடி வேலைக்கு இருந்தவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். தமிழ் கேட்டதும் பாசமாக வந்தார். ஒரு நாற்காலி கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டேன். பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். "சார், ராங்கு இல்லாதவங்களுக்கு சேர் போடச் சொல்லி எனக்கு ஆர்டர் வரல. ஆனா டீ எவ்ளோ வேணாலும் குடிங்க."

வழி கேட்டவர்

சோதனை அதிகாரியாக எங்களுக்கு வாய்த்தவர் ஒரு கமாண்டர், தூத்துக்குடிக்காரர். நல்ல மனிதர், அதனாலேயே எங்களுக்கு அதிகம் வேலை வைத்தவர். முதல் தடவை வந்தபோது, நாங்கள் அனுப்பிய கார் அத்திப்பள்ளி நெரிசலில் சிக்கிக்கொண்டது. அவர் பெங்களூரிலிருந்து பஸ்ஸைப் பிடித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார். வெள்ளைச் சீருடையோடு ஒரு ஆட்டோவை நிறுத்தி, கன்னடமா தமிழா தெலுங்கா என்று யோசித்துக் கடைசியில் தமிழிலேயே, கப்பல் சாமான் செய்யும் கம்பெனி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

ஆட்டோக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலை, கமாண்டர் இன்று வரை எல்லா விருந்திலும் சொல்லிக் காட்டுகிறார். "கப்பலா? சார், நீங்க ராங் சைடுல எறங்கிட்டீங்க. தண்ணின்னா பாரூர் ஏரிக்குத்தான் போவணும், அங்கயும் பரிசல்தான் ஓடும்."

இருபது கேன் கடல்

ஒப்பந்தத்தில் ஒரு விதி: மாதிரி வால்வு ஒன்று ஒரு மாதம் கடல் நீரில் ஊற வேண்டும். தண்ணீரில் கணக்காக உப்பைக் கலந்தாலும் அதே பலன்தான் என்று நான் ஆதாரங்களோடு ஆறு பக்கம் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. விதியில் உப்பு என்று எங்கும் குறிப்பிடப்படவில்லையாம். சரி என்று எங்கள் டிரைவர் வெங்கடேசனைச் சென்னைக்கு அனுப்பினேன். எண்ணூர் பக்கம் இறங்கி, இருபது நீலக் கேன்களில் வங்காள விரிகுடாவை மொண்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

கிருஷ்ணகிரி வரும்போது போலீஸார் வண்டியை மடக்கினார்கள். நீலக் கேன், மேலே தார்ப்பாய், உள்ளே என்ன என்று கேட்டால் டிரைவர் 'கடலு' என்கிறார். எரிசாராயம்தான் என்று ஏட்டுக்கு நிச்சயமாகிவிட்டது. ஒரு மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. ஆனால் சந்தேகம் தீர்ந்த முகமில்லை, ஏமாந்த முகம். "இதுக்கா மெட்ராஸ் வரைக்கும் போன? எங்க வூட்டு போருல வர்றதே இதே ருசிதான்யா."

பூஜைக்குப் பளபளப்பு

கமாண்டர் சோதனைக்கு வருவதாகச் சொன்ன நாள், ஆயுத பூஜைக்கு மறுநாள். இடம் சுத்தமாக இருக்குமே என்று நானும் மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். அவ்வளவுதான் என் தீர்க்கதரிசனம்.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். டெஸ்ட் பெஞ்சைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கமாண்டர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு அழுத்தம் காட்டும் கேஜ்களைப் பார்த்தார். சரியாகத்தான் காட்டுகிறது என்று பெங்களூர் ஆய்வகம் ஒவ்வொரு கேஜிலும் ஒட்டிக் கொடுத்திருந்த சீட்டைக் காணோம். பதினொன்றிலும் காணோம். சீட்டில்லாத கேஜ், சட்டப்படி வெறும் சுவர்க் கடிகாரம். எல்லாம் மறுபடி பெங்களூருக்குப் போய்ச் சீட்டு வாங்கி வர ஒன்பது நாள். கப்பலின் தேதி அதுவரை உட்கார்ந்திருக்கவில்லை, ஒன்பது நாள் கிட்டே வந்துவிட்டது.

பெஞ்சைத் துடைத்தது முனிராஜு. தேன்கனிக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், வேலையில் குறை சொல்ல முடியாத ஆள். மண்ணெண்ணெய் போட்டு, நகத்தால் சுரண்டி, பிசின்கூட இல்லாமல் எடுத்திருக்கிறார். கத்தலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குத்தான் என் மேல் வருத்தம். "என்னா சார் நீங்க? சாமிக்கு வெக்கிற பொருளுல கிழிஞ்ச பேப்பரு ஒட்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

இருபத்தேழாம் நம்பர்

கேஜ்கள் திரும்பின. கமாண்டரும் திரும்பி வந்தார். நாற்பதில் பத்து வால்வுகளை அவர் கண்ணால் பார்ப்பது வழக்கம், மீதி முப்பதுக்கு என் கையெழுத்துதான் சாட்சி. பத்தும் தேறின. அவர் விமானத்துக்குக் கிளம்பினார். மறுநாள் மாலை, வாசலில் லாரி தார்ப்பாயோடு நிற்க, எங்கள் கடைசிச் சோதனையில் இருபத்தேழாம் நம்பர் வால்வு ஒழுகியது. ஒழுகியது என்பதுகூடப் பெரிய வார்த்தை. அரை மணி நேரத்தில் ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டும் வரக்கூடாது என்பது விதி. உள்ளே உட்காரும் வளையத்தை மாற்ற வேண்டும், அதற்குப் பத்து நாளாவது ஆகும், கப்பலின் தேதி தாண்டிவிடும். முப்பத்தொன்பதை மட்டும் அனுப்பினால் ஆர்டர் நிறைவேறியதாகக் கணக்கில்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். கோயமுத்தூர்க்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது. "ஏனுங்க, ஒரே ஒரு சொட்டுங்க. அது போற எடமே கடலுங்க. கையெழுத்தப் போட்டு அனுப்பியுடுங்க." போனை வைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேனாவையும் எடுத்துவிட்டேன். முப்பத்தொரு குடும்பம், ஒரு சொட்டு என்று மனசு தராசு பிடித்துக்கொண்டிருந்தது.

சோதனைப் பிரிவின் பொறுப்பாளர் சையது பாய் எதிரே நின்றிருந்தார். பிரிவை மூடினால் முதலில் வெளியே போகிற ஆளும் அவர்தான். தடுப்பார் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. சான்றிதழை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். "போடுங்க சார். கீழயே உங்க செல் நம்பரையும் எழுதிடுங்க. கப்பலுக்குள்ள தண்ணி வந்தா அந்தப் பசங்க யாரையாச்சும் கூப்பிடணுமில்ல."

முப்பத்தொன்பது

லாரி முப்பத்தொன்பதோடு போனது. இருபத்தேழு ஏன் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, அதையும் பெட்டியில் வைத்தேன். முதலாளி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். முனிராஜு எதிரே வந்தால் நான் பாதையை மாற்றிக்கொண்டேன். முப்பத்தொரு பேர் வயிற்றில் அடித்துவிட்டோமோ என்று நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் கமாண்டருக்கே போன் செய்தேன். ஆர்டர் ரத்தாகிவிட்டதா, மனு ஏதும் போடலாமா, வளையம் ஆறு நாளில் வந்துவிடும் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "ஏன் சார் இப்படிப் பதறுதீய? கப்பலே இன்னும் டாக்குக்கு வரல. அது வர ரெண்டு மாசம் ஆவும். உங்க பெட்டியை இன்னும் பிரிக்கக்கூட இல்ல."

வளையம் மாற்றிய இருபத்தேழு ஒரு சொட்டும் ஒழுகாமல் போய்ச் சேர்ந்தது, முப்பத்தொரு பேரும் வேலையில் இருக்கிறார்கள், எனக்கோ வராத கப்பலுக்கு ஒரு வால்வைத் தாமதமாக அனுப்பிய குற்றத்துக்கு விளக்கம் கேட்டு மூன்று பிரதிகளில் கடிதம் வந்திருக்கிறது.