அமுலுவின் கன்னத்துச் செல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஹாலில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பதியில் எங்கள் வீடு சின்னது. ஹாலில் பாட்டிலைத் திறந்தால் சமையலறை வரைக்கும் வாசனை போய்விடும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். "டாடிக்கு இந்த வாசனை ஆகாதுன்னு தெரியுமில்ல உனக்கு" என்று மனைவி அவளை அதட்டுவது படியேறும்போது கேட்டது.

ஆகாது என்றில்லை. பயம். ப்ளஸ் டூவுக்குச் சமமான இன்டர் காலேஜில் உயிரியல் நடத்துகிற, தலையில் பாதி நரைத்துவிட்ட ஓர் ஆள் நெயில் பாலிஷுக்குப் பயப்படுகிறான் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். காரணத்தையும் கேட்டுவிட்டுச் சிரித்தால் நல்லது.

அந்த வாசனை எனக்கு ஒருபோதும் தனியாக வருவதில்லை. பின்னாலேயே ஃபார்மலின் வரும், ஸ்பிரிட் வரும், அதற்கும் பின்னால் வெங்காயம் வரும். நான் இன்டர் படித்த காலேஜின் லேப் அப்படித்தான் இருந்தது. வரதய்யபாளையத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, காளஹஸ்தி வழியாக பஸ் மாறி வந்து சேர்ந்தவன் நான். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். உள்ளே ஜாடிகளில் தவளையும் பாம்பும் வெளுத்துப்போய் மிதக்கும். முதல் பிராக்டிகல் வெங்காயத் தோல். உரித்ததுபோக மீந்த வெங்காயத்தை அட்டெண்டர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அவர் வீட்டில் சாம்பார் மணம் வந்தால் எங்களுக்குப் பிராக்டிகல் நடந்த நாள் என்று அர்த்தம்.

வெங்காயம் எனக்குச் சுலபமாக வந்துவிட்டது. கன்னத்துச் செல்தான் காலை வாரிவிட்டது. குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடிப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு என் கண்ணிமை முடிதான் தெரிந்தது. ஒரு காற்றுக்குமிழியை வட்டமாக வரைந்து, அதில் விழுந்திருந்த தூசிக்கு நியூக்ளியஸ் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். அந்தப் படத்தை லெக்சரர் வகுப்பு முழுவதும் சுற்றுக்கு விட்டார். இன்றைக்கு எந்தப் பிள்ளையாவது குமிழியை வரைந்து கொண்டுவந்தால் நான் கோபப்படுவதில்லை, அவனும் என் ஜாதிதான் என்று விட்டுவிடுகிறேன்.

மானம் போனபிறகு ரோஷம் வருமல்லவா. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அட்டெண்டரிடம் கெஞ்சி, நாலைந்து கண்ணாடித் துண்டுகளும், ஒரு கண் மருந்து பாட்டிலில் சாயமும், கொஞ்சம் கிளிசரினும் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் இதையெல்லாம் பரப்பி வைத்ததும் முதலில் வந்து நின்றவள் என் தங்கை அமுலு. மூன்றாம் வகுப்பு. எனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்ததுகள் தங்கவில்லை என்பதால், அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"என் வாயில எடுண்ணா. நான் பல்லு வெளக்கிட்டேன்."

"வலிக்கும்டி."

"வலிச்சா சொல்றேன், எடு."

வாயைத் திறந்துகொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கரும்பு தின்ற வாய். சுரண்டினேன். அவள் வாயிலிருந்து எடுத்தது மட்டும் எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, லீவு முடிந்ததும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அப்பளம் அப்பளமாகச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மிளகு. அதைப் பார்த்துவிட்டு என் வகுப்புப் பெண் ஒருத்தி, "சீல் பண்ணலன்னா காஞ்சு பூடும்" என்று சொல்லி, தன் பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து நாலு ஓரமும் தடவிக் கொடுத்தாள். என் வாழ்க்கையில் ஒரு பெண் எனக்காகச் செய்த முதல் காரியம் அது. ஒரு வாரத்துக்கு மிதந்துகொண்டு திரிந்தேன். அவளுக்கு அது இந்நேரம் ஞாபகம்கூட இருக்காது.

கோடை லீவுக்கு முன்னால் நைனா, அம்மா, அமுலு மூவரும் வேண்டுதலுக்குத் திருப்பதி வந்தார்கள். அமுலுவுக்கு மொட்டை. மலையிறங்கி வந்தவர்களை நேராக லேபுக்குக் கூட்டிப்போனேன். நைனா வெளியே மரத்தடியில் படுத்துவிட்டார். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள். "பரவாலேதம்மா, ரண்டி" என்று தெலுங்கில் உள்ளே கூப்பிட்டார் அட்டெண்டர். அப்படியும் அம்மா செருப்பு போட்டுக்கொள்ளவில்லை. அமுலு மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடிக்க, ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"இதெல்லாம் நானா?"

"நீ தான்."

"உசுரோட கீதுங்களா?"

அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான். படித்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் எனக்கு. "சாயம் போட்டாலே செத்துப்பூடும்" என்றேன்.

அவள் கண்ணை எடுக்காமலேயே கேட்டாள். "அப்போ நான் கொஞ்சம் செத்துட்டனா?"

எல்லாரும் சிரித்தோம். எல்லாருடைய வாயிலும் தினமும் இப்படிச் செல்கள் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும், எச்சிலோடு உள்ளே போய்விடும், அடியில் புதுசு வந்துவிடும் என்று விளக்கம் சொன்னேன். அன்று ஊர் போய்ச் சேரும்வரைக்கும் அவள் எச்சிலைத் துப்பவே இல்லையாம். "நான் கீழ வுழுந்துடுவேன்" என்றாளாம். அம்மா பின்னால் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. சத்தியவேடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது ஏரிக்கரையில் புதைத்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகளின் உடலை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு வராது, விட்டுவிடுங்கள்.

வீட்டில் அவளுடைய ஒரு போட்டோகூட இல்லை. போட்டோ எடுக்கிற வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை. காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "அந்தக் கண்ணாடி எங்கடா?"

அடுத்த முறை அதே தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாமல் போன பெண் பிள்ளை அந்த வீட்டுக்குச் சாமி ஆகிவிடுவாள். பூவாடைக்காரி என்போம். அவளுக்கென்று ஒரு பெட்டியில் புதுப் பாவாடை, வளையல், சீப்பு எல்லாம் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை படையல் போடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் படையல் அவளுக்கு, அவள் உத்தரவு கொடுத்தால்தான் பந்தக்கால். அமுலுவின் பெட்டியில் பாவாடைக்கு மேலே அந்தக் கண்ணாடித் துண்டு இருந்தது. மற்ற வீடுகளில் போட்டோவை வைக்கிற இடத்தில் எங்கள் வீட்டில் ஸ்லைடு. காலேஜில் யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

படித்தேன், அதே காலேஜிலேயே வேலை கிடைத்தது, எனக்குப் பெண் பார்த்தார்கள். எல்லாம் கூடிவந்தபிறகு அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அவ மொகத்த ஒரு தபா பாத்துட்டு அப்புறம் பந்தக்கால் நடலாம்." நைனா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், பெட்டியிலிருந்து எடுத்த தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா திருப்பதிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

லேபில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்துப்போனேன். இப்போதும் செருப்பு வாசலில்தான். தீப்பெட்டியைத் திறந்து கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியின் நட்டநடுவில், செல் இருக்கவேண்டிய இடத்தில், மஞ்சளும் குங்குமமும் தடித்துப்போயிருந்தது. வருஷா வருஷம் விரலில் நல்லெண்ணெய் தொட்டு, அழுத்திப் பொட்டு வைத்திருக்கிறாள். போட்டோவுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி. மேல் சில்லு விரிசல் விட்டு, எண்ணெயும் குங்குமமும் உள்ளே இறங்கியிருந்தது. மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்புத் தூள், பூஞ்சை. ஓர் அப்பளம்கூட இல்லை.

அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"ஒண்ணும் தெரியலம்மா. குங்குமம் உள்ள பூந்துடுச்சு."

"நெத்தியில பொட்டு வெக்காம எப்படிடா வுடுவேன் அவள" என்றாள். அழவில்லை. கொஞ்ச நேரம் ஜாடியில் இருந்த தவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

"என்னுத எடு. அவ என்கிட்டேர்ந்து தானே வந்தா."

பெற்ற தாயின் வாயில் குச்சியை விட்டு மெல்லச் சுரண்டினேன். வெற்றிலைக் காவி ஏறிய கன்னம். சாயம் விட்டு, மூடி, வைத்துக் காட்டினேன். அம்மா நெடுநேரம் பார்த்தாள். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு போன சத்தம் அடங்கும்வரைக்கும் பார்த்தாள்.

"அவளே தான்" என்றாள்.

"அது நீம்மா."

"நான் வேற அவ வேறயா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பாடத்தில்தான் பதில் இருந்தது, வேறு எங்கே இருக்கும். செல்லுக்குள்ளே மைட்டோகாண்டிரியா என்று ஒன்று இருக்கிறது. பரீட்சைக்குப் படித்ததையெல்லாம் மறந்த பிறகும் யாருக்கும் மறக்காத பெயர் அது ஒன்றுதான். இந்த மைக்ராஸ்கோப்பில், இந்தச் சாயத்தில் அது தெரியாது. ஆனால் இருக்கிறது. அதை அம்மாவுக்குச் சொன்னேன். "நாம துன்ற சோறும் இழுக்கிற மூச்சும் கடைசியா அங்க தான்மா போய்ச் சேருது. அங்கேர்ந்து தான் தெம்பு. அது இல்லன்னா கையத் தூக்க முடியாது."

"அடுப்பா?"

"அடுப்புன்னே வெச்சிக்கோ. அது மட்டும் அம்மாகிட்ட இருந்து தான் புள்ளைக்கு வரும். அப்பன்கிட்ட இருந்து வராது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அமுலு போனபிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "அப்போ என் அடுப்பு தான் அவகிட்ட எரிஞ்சுதா?"

"ஆமா."

"உன்கிட்ட?"

"என்கிட்டயும் உன்னுது தான்."

"நாளைக்கு உனக்குப் பொறக்கிறதுங்களுக்கு?"

"அதுங்களுக்கு அதுங்க அம்மாவோடது வரும். ஆம்பள வழியா போவாதும்மா. பொம்பளப் புள்ள வழியா தான்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அம்மா பழைய கண்ணாடித் துண்டை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். புதியதைத் தொடவில்லை. "இத கழுவிடு. நான் தான் உசுரோட கீறனே" என்றாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "அப்போ அமுலுவோட அணைஞ்சு போச்சு."

என் கல்யாணத்துக்குப் படையல் போட்டபோது, உதவாத அந்தக் கண்ணாடிக்கு மறுபடியும் எண்ணெய் தொட்டுப் பொட்டு வைத்தாள். நான் தடுக்கவில்லை.

அந்த ஏரிக்கரை வழியாக இப்போது கம்பெனி லாரிகள் போகிற அகலமான ரோடு போகிறது, புதைத்த இடம் எதுவென்று காட்ட ஆளில்லை. லேபும் இல்லை. அந்த ஹாலில் ஏசி போட்டு கோச்சிங் வகுப்பு நடக்கிறது. மைக்ராஸ்கோப்புகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன, செல்லை ஸ்கிரீனில் பெரிதாக்கிக் கலர் கலராகக் காட்டுகிறோம். பிள்ளைகள் யாரும் குமிழியை வரைவதில்லை, யாரும் வாயைத் திறப்பதும் இல்லை. நைனா போய் நாளாகிறது. போன வருஷம் அம்மாவும் போனாள். கூடப் பிறந்த பெண்கள் அவளுக்கு இல்லை, அவளோடு பிறந்த மாமாக்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெட்டி இப்போது என் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் நான் நின்றுகொண்டிருக்க, மகள் பின்னாலேயே ஏறி வந்தாள். விரல்களை விரித்து ஊதிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் அமுலு என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று என்னோடு சண்டை போடுகிறவள்.

"ஏன் டாடி இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க."

"ஒண்ணுமில்ல. படி ஏறினேன் இல்ல."

அத்தையின் பெயரை இவளுக்குக் கொடுக்க முடிந்தது. முகவாய் தானாகவே வந்துவிட்டது. அம்மாவின் அடுப்பை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்து அது இப்போது என் ஒருவனிடம்தான் எரிகிறது. அதனால் படியேறி மூச்சு வாங்கினால் நான் உட்காருவதில்லை. அந்த அடுப்பு எரிகிற சத்தம் அதுதான் என்று, மூச்சு அடங்கும் வரைக்கும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.