பிரேக்குக்கு வைத்த பொட்டு

தெப்ராவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, என் மவுண்டன் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தேன். சர்ர்க்... சர்ர்க்... டிஸ்க் பிரேக் எங்கேயோ உரசுகிறது.

எனக்குத் தெரியாத வைத்தியமா? யூடியூப் இருக்கிறதே! டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்து, பிரேக்கை அழுத்திப் பிடி, அப்படியே முறுக்கு. முறுக்கினேன், நான்கு முறை. சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.

அப்படியானால் தப்பு யாருடையது? என்னுடையதாக இருக்க முடியுமா என்ன! பைக்கைக் கடைசியாக சர்வீஸ் செய்தவர் குணா. மாசாயில் ஃபேக்டரி வேலை. லீவு நாளில் எங்கள் சைக்கிள் குழுவினரின் பைக்குகளைப் பழுது பார்ப்பார். எப்படியாவது சொந்தமாக ஒரு கடை போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு விளம்பரம் எங்கள் வாய்தான்.

அந்த வாயைத்தான் திறந்தேன். குழு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு — முழுதாக நாற்பது விநாடி. "குணாகிட்ட சர்வீஸ் குடுத்தேன், டிஸ்க் உரசுதுலா. போல்ட்டு கூட ஒழுங்கா முறுக்கத் தெரியல. பாத்துக் குடுங்க..." என்று ஆரம்பித்து, எனக்கே அலுக்கும்வரை பேசினேன். அன்றைக்கே இரண்டு பேர் குணாவிடம் கொடுக்கவிருந்த பைக்கை வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் காலை குணா கேட்டில் நின்றார். முகத்தில் கோபம் இல்லை.

"அண்ணே, பைக்க ஒரு தடவ பாக்கட்டுமா?"

சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடை உருவினார். டார்ச் அடித்தார். கேலிப்பருக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. பிரேக்கை விட்டாலும் பேட் பின்னால் போக முடியாமல் அதுதான் தடுத்திருக்கிறது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"அலாமாக்! சந்தனம் மாதிரி இருக்குண்ணே."

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். "மாதிரி என்ன, சந்தனமேதான். சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் ஆயுத பூஜைக்கு கார், மிக்சி, சைக்கிள்னு ஒண்ணு விடாம பொட்டு வச்சாரே! அங்கல்லாம் வேணாங்கன்னு சொன்னேன், கேட்டாரா?"

கேட்கவில்லை. உயிரைக் காப்பதே பிரேக்தானே, அதற்கு இல்லாத பொட்டா என்று கேலிப்பரில் தாராளமாகவே அப்பியிருந்தேன். மேலே குங்குமம் வேறு.

குணா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, பேடைத் தேய்த்து, சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை.

"பரவால்லண்ணே, சாமி காரியம். குரூப்புல மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

சொன்னேன். எப்படி? 'பிரேக் சரியாகிவிட்டது. நன்றி குணா!' — கைகூப்பும் பொம்மை இரண்டுடன். படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? தான் செய்த தப்பைக் குணாவே வந்து திருத்திவிட்டுப் போயிருக்கிறார் என்றுதானே? அப்படித்தான் நினைப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். குணாவும் படித்தார். ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அடுத்தவர் தப்பு என்றால் நமக்கு வாய் தானாகத் திறக்கிறது. நம் தப்பு என்றால் மட்டும் டைப் அடிக்கிறோம், அதுவும் பாதியை விழுங்கிவிட்டு!

இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் இதைப் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா?

அதனால் இன்று காலை மறுபடியும் குரல் பதிவு. "பிரேக்குல சந்தனத்த அப்புனது நான்தாங்க. குணா வேலையில ஒரு தப்பும் இல்ல."

எட்டே விநாடி. வாயைத் திறக்கத்தான் ஒன்பது நாள் ஆகிவிட்டது...