ஆறு பேருக்கு ஐந்து இருக்கை

என் மாமனார் சீக்கிரம் இறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் காரை வாங்கினேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினையுங்கள்.

என் தொழிலே இந்தக் கணக்குத்தான். ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் எந்தக் குடும்பம் எந்த வகைக் காரை வாங்கும் என்று விற்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்பவன் நான். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, வேலைக்கு எவ்வளவு தூரம்... இவை தெரிந்தால் போதும். முதியவர் இருக்கும் வீட்டில் ஏழு இருக்கை வான் நிற்கும். அவர் போனதும் அடுத்த கார் சிறிதாகும். 'போனதும்' என்று எழுத என் கை ஒருநாளும் கூசியதில்லை.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமா. பழைய வான் ஓய்ந்தபோது மனைவி கேட்டாள்.

"அப்பாவும் இருக்கிறார். திரும்பவும் வான்தானே எடுக்கவேணும்?"

"எல்லாரும் ஒண்டாய்ப் போறது எப்பவாவதுதான். எலெக்ரிக் கார் எடுத்தால் நாளாந்தம் 401 நெடுஞ்சாலையில ஓடுற செலவு குறையும்."

பொய்யில்லை. ஆனால் அதுவா காரணம்? மாமாவுக்கு அப்போதுதான் இரண்டாம் தடவையாக நெஞ்சுவலி வந்து போயிருந்தது. ஒரு காரை எட்டு வருடம் வைத்திருப்போம். அவர்... இரண்டு வருடமா? மூன்றா? மீதிக் காலம் முழுக்க வெறும் இருக்கையை எதற்குச் சுமப்பது! இப்படித்தான் நினைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

காரின் நிறத்தை மாமாதான் தெரிவுசெய்தார். "தம்பி கணக்குப் பாத்துச் செய்தால் பிழை வராது" என்று அயலவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

காரில் ஐந்து பேர்தான் ஏறலாம் என்பதால் முதலில் கோவிலுக்கு இரண்டு தடவையாக ஓடினேன். பிறகு அவரே, "முழங்கால் ஏலாமக் கிடக்கு, நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். மனைவி நம்பினாள், பூசுவதற்கு மருந்தும் வாங்கி வந்தாள். எனக்குத் தெரியும், நாங்கள் இல்லாத நேரத்தில் அவர் பூங்காவைச் சுற்றி வேகமாக நடப்பதை, ஒருநாள் நேரத்தோடு திரும்பியபோது கண்டிருக்கிறேன். கண்டும் பேசாமல் இருந்தேன்.

பனி கொட்டிய காலைகளில், நாங்கள் புறப்படுமுன் காரைத் துடைத்து வைப்பவரும் அவர்தான். அதில் அவருக்கு இடமில்லை. நாங்கள் ஏறி உட்காருவோம், அவர் பிள்ளைகளின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போவார்.

ஐந்து வருடங்கள் ஆகிவிட்டன. மாமா சுகமாக இருக்கிறார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான்... நம்புங்கள். ஆனால் என் கணிப்பு பிழையாகிவிட்டதே என்று ஒரு சின்ன எரிச்சலும் எங்கோ கிடக்கிறது. இது என்ன மனம்? இதை வைத்துக்கொண்டு எப்படி அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன்?

சென்ற ஞாயிறு தேநீர் குடிக்கும்போது கேட்டார்.

"தம்பி, அடுத்தமுறை வான் எடுப்பமோ? எல்லாருமாய் ஒருக்கா நயாகரா போட்டு வரலாம்."

"ஓம் மாமா, பாப்பம்."

சொல்லி வாய் மூடுவதற்குள், அவருடைய வயதோடு எட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டேன்.